புதுப்பிப்பு: ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் உடைகளும் கன்டினியூட்டியும்

முன்பு, சினிமா படப்பிடிப்பில் கூட்டத்தில் ஒருவராக நடிக்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளுக்கு, சொந்த உடையில் வரச் சொன்னால் மூன்று செட் கொண்டுபோங்கள் என்று மட்டும் எழுதியிருந்தேன். அது போதாது. நெருக்கமான கோடு, பொடிக்கட்டம் வேண்டாம். டிஜிட்டல் கேமராவில் அலையலையாக நெளியும். பின்னணியைப் பிறகு கணினியில் மாற்றுவதற்காக வைக்கும் பச்சைத் திரைக்கு முன்னால் பச்சைச் சட்டை போட்டால் உடம்பே மறைந்துவிடும். பெரிய லோகோவும் ஆகாது.

கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் எதுவும் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். எந்த வசனத்தில் நடக்கத் தொடங்கினீர்கள், பை எந்தத் தோளில், டம்ளர் எந்தக் கையில் என்பதை முதல் டேக்கிலேயே மனதில் பதியுங்கள். கோணம் மாற்றி எடுக்கும்போது இவை மாறினால் எடிட்டிங்கில் ஷாட் ஒட்டாது. பெரும்பாலும் உங்களைத்தான் ஃபிரேமிலிருந்து நகர்த்துவார்கள்.

லைவ் சவுண்ட் (படப்பிடிப்பிலேயே ஒலியையும் பதிவது) என்றால் பேசுவதுபோல் உதட்டை மட்டும் அசையுங்கள். கொலுசு, கண்ணாடி வளையல், சத்தம் போடும் செருப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

பேட்டா (தினப்படி) எவ்வளவு, ஏஜென்ட் கமிஷன் எவ்வளவு என்பதை வண்டி ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். தயவுசெய்து இதில் கூச்சப்படாதீர்கள்.