புதுப்பிப்பு: பன்றித் தடம் பழகும் இளம் நாய்கள்

என் இளம் வேட்டை நாய்கள் கறுவல், சிவலை இரண்டும் காட்டுப்பன்றித் தடத்தை விட்டுவிட்டு உடும்பின் பின்னால் ஓடுகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நல்ல மாற்றம். கொடிகாமத்து அண்ணை ஒருவர் சொன்னபடி, பூநகரி வயலில் அவருடைய கிழட்டுப் பெட்டை நாயோடு ஒவ்வொன்றாகத்தான் விடுகிறேன். சேர்த்து விட்டால் விளையாட்டுத்தான். பனி காய முன்னர் விடவேண்டும். வெயில் ஏறினால் மணம் கலைந்துவிடும்.

கறுவல் இப்போது பாயாமல், எட்ட நின்று சுற்றிச் சுற்றிக் குரைத்துப் பன்றியை மறிக்கிறான். அதுதான் வேண்டும்! கிட்டப் போனால் ஆண் பன்றியின் கோரைப்பல் வயிற்றைக் கிழித்துவிடும். சிவலைக்கு இன்னும் அந்த நிதானம் இல்லை, குட்டிகளோடு நிற்கும் தாய்ப்பன்றிப் பக்கம் அவனை விடவே மாட்டேன்.

பச்சைப் பன்றி இறைச்சி கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். பன்றிகளிலிருந்து நாய்க்குத் தொற்றும் ஆயுஜெஸ்கி வைரஸ் அதில் இருந்தால் நாய் பிழைக்காது. அப்புறம், விசர்நாய்த் தடுப்பூசி இரண்டுக்கும் போட்டாயிற்று.