ஈறுல ரத்தம் வந்தும் கண்டுக்காம விட்டவங்க இருக்கீங்களா?

திருச்சிக்காரன்:
போன மாசம் அப்பா கொய்யாக்காயைக் கடிச்சார், கீழ் முன்பல் ஒண்ணு சாஞ்சுடுச்சு. வலியே இல்ல. விரலால எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். சொத்தை கிடையாது, முழுப் பல். வேரைச் சுத்தி மட்டும் கறுப்பா காரை. பத்து வருஷமா அவர் ரத்தம் துப்புறதை வீட்ல எல்லாரும் பார்த்திருக்கோம். "ப்ரஷ் கெட்டியா இருக்கு, வேற வாங்குங்க"ன்னு சொன்னதே நான்தான். பல் டாக்டர் மெல்லிசான கம்பியை ஈறுக்குள்ள விட்டு "ஆறு, ஏழு, ஆறு"ன்னு அளவு சொல்லிக்கிட்டே போனார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற ஆழமாம் அது, மில்லிமீட்டர் கணக்கு, மூணு வரைக்கும்தான் நல்ல ஈறாம். ஏழுன்னு கேட்டதும் அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஈறுல கிருமி, பல்லைத் தாங்குற எலும்பு போயிருக்குன்னார் டாக்டர். அந்தக் கிருமி எலும்பையே தின்னுடுமா?

ஈறு மருத்துவம் படிப்பவள்:
தின்னாது. அந்த எலும்பைக் கரைக்கிறது நம்ம உடம்புதான். ஈறு ஓரத்து அழுக்குல போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ்னு ஒரு கிருமி இருக்கு. எண்ணிக்கையில கொஞ்சம்தான், செய்யிற வேலை பெருசு. அது விடுற ஜின்ஜிபெய்ன் என்சைம், நம்ம ரத்தத்துல இருக்கிற சி5 புரதத்தை வெட்டும். "ஆபத்து, வா"ன்னு வெள்ளணுக்களுக்குத் தகவல் போகும். வந்த வெள்ளணுவோட கொல்லுற சக்தியையும் அதே கிருமி மழுங்கடிச்சிடும். கூட்டம் கூடிக்கிட்டே போகுமே தவிர கிருமி சாகாது. ஈறு வீங்கி ரத்தம் கசியும். இந்தக் கிருமிக்குச் சர்க்கரை தேவையில்ல. புரதமும் ரத்தத்துல இருக்கிற இரும்பும்தான் அதுக்குச் சாப்பாடு. அதாவது வீக்கம்தான் அதுக்குச் சோறு போடுது. வீக்கம் வருஷக்கணக்கா நின்னா, எலும்பைக் கரைக்கிற ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் முழிச்சுக்கும்.

என்னால மறக்க முடியாதவர் ஒருத்தர். 38 வயசு, சிகரெட் பழக்கம். ஈறு வெளிறி இருந்துச்சு, கம்பி விட்டும் ஒரு சொட்டு ரத்தம் இல்ல. எக்ஸ்ரேல எலும்பு பாதிதான் இருந்துச்சு. புகை பிடிக்கிறவங்களுக்கு ரத்தக் கசிவு அடங்கிப்போய் நோயே வெளிய தெரியாது. "ரத்தம் வரலையேம்மா"ன்னு ரெண்டு தடவை சொன்னார்.

கொட்டகலைப் பேத்தி:
எங்க தாத்தாவும் சின்னத் தாத்தாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரே லயம், ஒரே வெத்தலைப் பை. ரெண்டு பேரும் ப்ரஷைத் தொட்டதில்லை. தாத்தா எழுபதுலயும் முறுக்கு கடிச்சார். சின்னத் தாத்தாவுக்கு நாப்பதுலயே வாய் காலி. தீபாவளிக்கு அவர் முறுக்கைப் பிளேன்டீயில ஊறப்போட்டுட்டு அண்ணன் வாயையே பார்த்துக்கிட்டு இருப்பார். அது எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல 480 ஆண் தொழிலாளர்களை 1970லிருந்து 15 வருஷம் ஈறு ஆய்வாளர் ஹரால்ட் லோவோட குழு தொடர்ந்து பார்த்துச்சு, முடிவு 1986ல வந்துச்சு. எல்லார் பல்லுலயும் அழுக்கு, எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனா பல்லோட பிடிப்பு வேகமா அழிஞ்சது 8 சதவீதம் பேருக்கு, மிதமா 81, மீதி 11 சதவீதத்துக்கு வீக்கத்தோட நின்னுடுச்சு. அப்போ கிருமி மட்டும் காரணமில்லையே?

மதுரை அக்கா:
எனக்கு ஆறாம் மாசத்துல ஈறு புடைச்சு தலையணையெல்லாம் ரத்தம். புள்ளை பிறந்து ரெண்டு மாசத்துல அடங்கிடுச்சு. தம்பி, அப்பாவுக்குச் சொல்றேன், கேளு. ரத்தம் வருதுன்னு அந்த இடத்தை விளக்காம விட்றாதீங்க. அங்கதான் மெதுவா, சாய்ச்சுப் பிடிச்சு விளக்கணும். செங்கல் பொடி, சாம்பல் எல்லாம் வேண்டாம், ஈறு தேஞ்சுடும். க்ளீன் பண்ணினா பல் ஆடும்னு ஊர்ல சொல்வாங்க. பல் ஆடுறது எலும்பு போனதால. இத்தனை நாள் காரை முட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கும், அதை எடுத்ததும் ஆட்டம் தெரியுது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணி கொப்புளிக்கலாம், ஆனா காரை அதுல கரையாது. சிகரெட் உண்டா? முக்கியமா சுகர் பாருங்க. சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் அடங்காது. பல் இடுக்குக்குக் குட்டி ப்ரஷ் மெடிக்கல்ல கிடைக்கும், அதையும் வாங்கிடு.

ஈறு மருத்துவம் படிப்பவள்:
கொட்டகலைத் தோழி, 11 சதவீதத்தைப் பிடிச்சுக்கிட்டு யாரும் ப்ரஷைக் கீழ வெச்சிடக் கூடாதுன்னுதான் பதறுறேன். அதே லோ 1965ல வெளியிட்ட ஆய்வுல 12 பேரைப் பல் விளக்காம இருக்கச் சொன்னார். 10லிருந்து 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. திரும்ப விளக்கினதும் ஒரு வாரம், பத்து நாள்ல சரியாச்சு. வீக்கம் எல்லாருக்கும் வரும். அதுக்கப்புறம் யாருக்கு எலும்பு போகும்ங்கிறதுலதான் பரம்பரை, சுகர், புகையெல்லாம் வருது.

கொட்டகலைப் பேத்தி:
ப்ரஷை வைக்கச் சொல்லலைங்க. சின்னத் தாத்தாவை "சுத்தமில்லாதவன்"னு சாகுற வரைக்கும் சொன்னாங்க. தாத்தாவும் அதே சுத்தம்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

திருச்சிக்காரன்:
அக்கா, சிகரெட் இல்ல. சுகர் பார்த்தோம், வெறும் வயித்துல 212. அவருக்குச் சுகர் இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. மரத்துப்போக ஊசி போட்டு இடது பக்கம் மட்டும் ஆழமா சுத்தம் பண்ணியிருக்காங்க. இன்னைக்குக் காலையில வாஷ்பேசின்கிட்ட கூப்பிட்டார். இடது பக்கம் விளக்கித் துப்பினா வெள்ளை நுரை. வலது பக்கம் இன்னும் சிவப்புதான். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.