சின்ன ரெஸ்லிங் புரமோஷன்ல புதுப் பசங்களை எப்படித் தேத்துறது?

முதல்கயிறு

பழைய ஓஹியோ வேலி ரெஸ்லிங்ங்கிற அமெரிக்க புரமோஷனோட (முடிவை முன்கூட்டியே பேசிவச்சு ரெஸ்லிங் ஷோ நடத்துற கம்பெனி) எபிசோடுகளை மறுபடி பார்த்துக்கிட்டிருக்கேன். 2000லேர்ந்து 2008 வரைக்கும் பெரிய கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு அதுதான் நாற்றங்கால். லெஸ்னர், ஓர்ட்டன், பாட்டிஸ்டா, ஜான் சீனா நாலு பேரும் அங்கேயிருந்து கிளம்பி 2002ல, ஒரே வருஷத்துல, பெரிய திரைக்கு வந்தவங்க. ஆனா அதுக்குப் பின்னாடி பெரிய கம்பெனியோட காசு இருந்தது. அது இல்லாத இடம் என்ன செய்யும்?

கணக்குக்கு இப்படி வச்சுக்குவோம்: 150 நாற்காலி, மாசம் 2 ஷோ, 16 அடி ரிங், பழகினவங்க 3 பேர், புதுசு 8 பேர். முதல் நாள்லேர்ந்து கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்துற வரைக்கும் வழி என்ன, எங்கே சொதப்பும்? மூவ் லிஸ்ட் வேணாம், அது யூடியூப்ல கொட்டிக் கிடக்கு.

பம்ப்_கணக்கு

ரிங்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். இரும்புச் சட்டம், மேல பிளைவுட் பலகை, அதுக்கு மேல மெல்லிசா ஃபோம், அப்புறம் கான்வாஸ். அவ்வளவுதான் அது. தினமும் பயிற்சிக்கு முன்னாடி ஒருத்தர் வெறுங்காலோட மூலைக்கு மூலை நடந்து பார்க்கணும். பலகை சேர்ற இடத்துல பாதம் அமுங்கினா அங்கே யாருக்கோ கணுக்கால் மடங்கப் போகுது. கயிற்றை இழுத்துக் கட்டுற நாலு மூலை டர்ன்பக்கிளையும் திருகிப் பாருங்க. கயிறு தொய்ஞ்சிருந்தா ஓடிப் போய்ச் சாயுறவன் நேரா வெளியே விழுவான்.

அடுத்தது பேக் பம்ப், அதாவது முதுகு தரையில பட விழுறது. நின்னபடி ஆரம்பிக்கவே கூடாது. தடிமனான மெத்தை மேல குத்தவச்சு உட்கார்ந்து பின்னாடி சாயணும். தாடை நெஞ்சோட ஒட்டியிருக்கணும். கை ரெண்டும் உடம்புலேர்ந்து 45 டிகிரி விலகி, முதுகோட மேல்பாகம் தரையைத் தொடுற அதே நொடியில உள்ளங்கை அறையணும். மூச்சை விட்டுக்கிட்டே விழணும். அடக்கிக்கிட்டு விழுந்தா கொஞ்ச நேரத்துக்கு மூச்சே வராது, பையன் மிரண்டுடுவான், அடுத்த தடவை தன்னையறியாம கையைப் பின்னாடி ஊன்றுவான். மணிக்கட்டு முறியுறது அப்போதான். தாடைக்கு அடியில ஒரு கைக்குட்டையை மடிச்சு வச்சு விழச் சொல்லுங்க. 20 தடவை விழுந்தும் அது நழுவலைன்னா அடுத்த உயரத்துக்குப் போகலாம்.

நிறைய இடத்துல முதல்ல 300 பஸ்கி போட வச்சு, அப்புறம் பம்ப் போடச் சொல்றாங்க. ஆளைக் கடைஞ்செடுக்கிறதா நினைப்பு. களைச்ச கழுத்து தாடையைப் பிடிச்சு வைக்காது, பின்மண்டை போய் அடிக்கும். உடம்பு சூடானதும் பம்ப், பஸ்கியும் தண்டாலும் கடைசியில. ஒரு நாளைக்கு 25, 30 பம்ப் போதும்.

கயிறு ஓடுறது: 20 அடி ரிங்ல மூணு எட்டு. 16 அடியில அதே மூணைக் குறுக்கி வைக்கணும். இதுலயே ஊறினவன் பெரிய ரிங்குக்குப் போனா கயிறு வர்றதுக்கு முன்னாடியே திரும்பிடுவான். அதனால தரையில டேப் ஒட்டி 20 அடிக்கும் கால் பழக்கிடுங்க. சாயும்போது மேல் கயிறு அக்குள்கிட்ட வரணும், ஒரு கை கயிற்றைப் பிடிச்சிருக்கணும். கயிறு அறுந்தா காப்பாத்துறது அந்தக் கைதான். முதல் வாரம் விலாவுல கருநீலத் தடம் விழும், அதுக்கெல்லாம் பயப்பட வேணாம்.

ஹெட்லாக், கைப்பிடி எல்லாம் அமெரிக்க முறையில இடது பக்கம், மெக்சிகோவுல வலது பக்கம். ரெண்டு வாத்தியார் ரெண்டு பக்கம் சொல்லிக் கொடுத்தா ரெண்டு பேரும் முதல்ல கட்டிப்பிடிக்கிற லாக்-அப்லயே தலையும் தலையும் முட்டும்.

கடைசியா, விட்டுக்கொடுக்கவே முடியாத ஒண்ணு. தலையில அடிபட்டா அன்னிக்கு ரிங் முடிஞ்சது. 2001ல கலிஃபோர்னியாவுல ஒரு பள்ளியில, ஏற்கெனவே தலையில அடிபட்டிருந்த மாணவர் மறுபடி பயிற்சிக்கு இறங்கி இறந்தே போனார். பள்ளியோட கவனக்குறைவுன்னு பின்னால கோர்ட்டுல நிரூபணம் ஆச்சு. மருத்துவர் சம்மதிச்ச பிறகும் ரிங்குக்குத் திரும்ப 6 படி, ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது 24 மணி நேரம், நடுவுல தலைவலி திரும்பினா ஒரு படி கீழே. நிறுத்துற அதிகாரம் கார்டு போடுறவர் (எந்த மேட்ச், யாரோட யார்னு முடிவு பண்றவர்) கையில இருக்கவே கூடாது, ஏன்னா அவருக்கு சனிக்கிழமை மேட்ச் ஓடணும்.

ரெண்டாவது_மேட்ச்

மேல சொன்னது ஜிம். சின்ன புரமோஷன் சறுக்குறது கார்டு போடுற இடத்துல. தல, உங்ககிட்ட தட்டுப்பாடு புதுசுங்களுக்கு இல்ல, அந்த 3 பேருக்குத்தான். மாசம் 2 ஷோன்னா ஆளுக்கு வருஷம் 24 ராத்திரி, மொத்தம் 72. டைட்டில், மெயின் ஈவென்ட்னு பாதி போயிடும். மிச்சம் 36ஐ 8 பேருக்குப் பங்கு போட்டா தலைக்கு நாலரை. வருஷம் முழுக்க நாலரை மேட்ச்சுல யாரும் தேற மாட்டாங்க.

அதனால டேக் மேட்ச், பக்கத்துக்கு ரெண்டு பேரா மோதுறது. ஒரு பழகினவரும் ஒரு புதுசும் இந்தப் பக்கம், ரெண்டு புதுசு அந்தப் பக்கம். ஒரு சீனியரோட ஒரு ராத்திரியில மூணு பேருக்குப் பாடம். சீனியர் ஹீலா, அதாவது வில்லனா, இருக்கணும், ஏன்னா மேட்ச்சோட வேகத்தைப் பிடிச்சு வைக்கிறது ஹீல்தான். எதிர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் 2 நிமிஷம் அடி வாங்குவான். செல்லிங், அதாவது வலியைக் கூட்டத்துக்குக் காட்டுறது, கத்துக்க அதைவிட நல்ல இடம் இல்ல. இன்னொருத்தன் ஏப்ரன்ல (கயிறுக்கு வெளியே இருக்கிற ரிங் விளிம்பு) நின்னு கைநீட்டி, கூட்டத்தைக் கைதட்ட வச்சு, அடி வாங்கினவன் கையைத் தட்டி மாறுற ஹாட் டேக் வாங்கி மூணே மூணு மூவ் போடுவான். ஒண்டிக்கு ஒண்டி விட்டா ரெண்டும் சேர்ந்து முழிக்கிற அந்த வெற்று நேரம் இதுல வராது. ஓஹியோ வேலியில லெஸ்னரையே ஷெல்டன் பெஞ்சமினோட ஜோடி போட்டுத்தான் ஓட்டினாங்க.

நேரம் 5 நிமிஷம், போனா 6. ரெஃப்ரி கையைத் தூக்கிப் பார்க்கிற சாக்குல ‘ரெண்டு நிமிஷம்’னு காதுல சொல்வார். புதுசு என்ன செய்யும்னா, பாதியில மறந்துபோன அத்தனை மூவையும் அந்த ரெண்டு நிமிஷத்துல திணிக்கும். மறந்தது மறந்ததுதான், ஃபினிஷுக்கு (மேட்ச் முடிவுக்கு) போன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

கார்டுல இடம் ரெண்டாவது மேட்ச். முதல் மேட்ச் கூட்டத்தைச் சூடேத்துறதுக்கு, அதை சீனியருக்குக் கொடுங்க. ராத்திரியே வீடியோவைப் போட்டு, சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. யார் நல்லவன், யாருக்கு எங்கே வலின்னு படத்தை வச்சே புரியலைன்னா மூவை இன்னும் குறைங்க.

டோஜோ_வாசல்

டேக் யோசனை சரி, ஆனால் அதிலும் சீனியர் தேவைப்படுகிறார். ஜப்பானின் பெரிய புரமோஷனான நியூ ஜப்பானின் வழி அதையும் மிச்சப்படுத்தும். யங் லயன் (அங்கே பயிற்சியில் இருக்கும் புதியவர்) என்றால் கறுப்பு ட்ரங்க்ஸ், கறுப்பு பூட்ஸ், பெயருக்கு முன்னால் பட்டம் கிடையாது. கையில் இருப்பது லாக்-அப், ஹெட்லாக், ஃபோர்ஆர்ம், ஸ்லாம், டிராப்கிக், முடிவுக்கு, காலைப் பிடித்து முதுகை வளைக்கும் ஒரு பாஸ்டன் கிராப். இரண்டு புதியவர்களை ஒருவரோடு ஒருவர் மறுபடி மறுபடி மோதவிடுவார்கள். ஒருநாள் ஒருவன் ஜெயிப்பான், அடுத்த நாள் மற்றவன், மூன்றாம் முறை நேரம் முடிந்து டிரா. உங்கள் 8 பேரில் நான்கு ஜோடி இருக்கிறது. ஒரே எதிராளியோடு ஆறாவது முறை மோதும்போதுதான் எதிரில் இருப்பவனின் உடம்பைப் படிக்கத் தெரியும். முதல் மூன்று முறையும் தன் மூவை நினைவு வைத்துக்கொள்வதிலேயே போய்விடும்.

பிறகு வெளியே அனுப்ப வேண்டும். ஒகாடா என்ற இளம் வீரரை 2010ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2012 ஜனவரியில் வேறு ஆளாகத் திரும்பியவர் பிப்ரவரி 12 அன்று சாம்பியன் தனஹாஷியிடமிருந்து பெல்ட்டையே பறித்தார். நீங்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை, ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு புரமோஷனோடு ஆறு மாதத்துக்கு ஆள் மாற்றிக்கொண்டாலே போதும். தெரியாத கூட்டம், தெரியாத எதிராளி.

ரெண்டாவது_மேட்ச்

சகோ, நியூ ஜப்பான்ல கறுப்பு ட்ரங்க்ஸ் எடுபடுறதுக்குக் காரணம் அதே ராத்திரி மேல நாலு பெரிய மேட்ச் இருக்கு. 150 நாற்காலி ஹால்ல 8 பேரும் ஒரே மாதிரி கறுப்பு உடுத்தி வந்தா எவன் எவன்னே தெரியாது, அடுத்த மாசம் 90 நாற்காலிதான் நிறையும். ஜோடியா மோத விடுறதை ஏத்துக்கிறேன். உடுப்பு, பேர், நடை மூணும் முதல் நாளே வேணும். தப்பாப் போனா மாத்திக்கலாமே! ஜான் சீனா ஓஹியோ வேலியில ‘புரோட்டோடைப்’னு பாதி மனுஷன் பாதி மெஷினா வந்தார், பாட்டிஸ்டா ‘லெவியாத்தன்’. பெரிய திரைக்கு ரெண்டுமே போகலை. சின்ன இடத்துல தோத்த கேரக்டருக்குச் செலவு ஒரு ட்ரங்க்ஸ்தான்.

டோஜோ_வாசல்

அடிப்படை வராதவனுக்குக் கேரக்டர் ஒளிந்துகொள்ள ஒரு திரை. கைதட்டு கிடைத்துவிட்டால் அதன்பிறகு லாக்-அப் திருத்த யார் உட்காருவான்? நான் ஒப்பவில்லை.

முதல்கயிறு

ரெண்டு பேருக்கும் நன்றி, சண்டையும் நல்லாத்தான் இருக்கு. மைக் எப்போ கொடுக்கலாம்? அப்புறம், தேறின பையனைப் பெரிய கம்பெனி கொத்திக்கிட்டுப் போனா?

மைக்_செக்

மைக் முதல் வாரமே, ஆனா கூட்டத்துக்கு முன்னாடி இல்ல. போன் கேமரா, 60 நொடி, வாரா வாரம். யார்கூட, எதுக்கு, எப்போ, இந்த மூணும் வந்துடணும். முதல் வார்த்தையிலேயே கத்த ஆரம்பிச்சா கடைசி வரிக்கு ஏற இடம் இருக்காது. எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணவனைக் கண்ணே காட்டிக் கொடுத்துடும், வார்த்தையைத் தேடிக்கிட்டே நிப்பான். மூணு குறிப்பு மட்டும் கொடுங்க. ஹாலுக்கு வரும்போது ஹீலுக்கு முதல்ல மைக் கொடுங்க. கூட்டம் கத்தி அவன் பேச்சு தடுமாறினாலும் அதுவும் ஹீலுக்கு நல்லதுதான். ஃபேஸ் (நல்லவன்) தடுமாறினா மொத்தமும் போச்சு.

போறவங்க போகத்தான் செய்வாங்க, அதைப் பார்த்து நாலு புதுப் பசங்க தேடி வருவாங்க. கதையை மட்டும் ஒருத்தன் மேல கட்டாதீங்க. பேச்சு நடக்குதுன்னு காதுல விழுந்த வாரமே அவன்கிட்டேர்ந்து பெல்ட்டை இறக்கிடுங்க. கையெழுத்து ஆயிடுச்சுன்னா காயம் படும்னு அந்தக் கம்பெனி ரிங் ஏறவே விடாமப் போகலாம், அப்போ பெல்ட்டை மேஜைல வச்சுட்டுப் போக வேண்டியதுதான். கடைசி ரெண்டு ஷோவுலயும் அடுத்து நிக்கப் போற பையன்கிட்ட, நடு ரிங்ல, குறுக்கீடு எதுவும் இல்லாம ரெஃப்ரி ஒண்ணு ரெண்டு மூணு எண்ண, தோத்துட்டுப் போகட்டும்.