பீட்டென் புரோட்டீன் பாஸ்பட்டேஸா, லிப்பிட் பாஸ்பட்டேஸா?

பென்னாகரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம், தர்மபுரில எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன், அடுத்த வாரம் பீட்டென் (PTEN, கேன்சரைத் தடுக்கற ஒரு என்சைம்) பத்தி செமினார் எடுக்கணும். 1997ல கண்டுபிடிச்சப்போ சீக்வென்ஸை வச்சு இதை டைரோசின் பாஸ்பட்டேஸ், அதாவது புரோட்டீன்ல உள்ள டைரோசின்ல இருந்து பாஸ்பேட்டைக் கழட்டற என்சைம் குடும்பத்துல சேர்த்திருக்காங்க, ஆனா செல்லுக்குள்ள இது முக்கியமா பாஸ்பேட் எடுக்கறது பிப்3ங்கற மெம்பிரேன் லிப்பிட்ல (கொழுப்புல) இருந்துன்னு போட்டிருக்கு. ரெண்டு வேலையும் செய்யுதுன்னா கேன்சரைத் தடுக்கறது எந்த வேலைன்னு எப்படிப் பிரிச்சுப் பாத்தாங்க?

ஒசூர் லேப் அக்கா:
நல்ல கேள்வி தம்பி. பிரிச்சுக் காட்டினது ம்யூட்டேஷன்தான். 124வது இடத்து அமினோ ஆசிட்டான சிஸ்டீனை மாத்தினா ரெண்டு வேலையும் நின்னுடும், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா கட்டிகள் வர்ற பரம்பரை நோயான கவுடன் சிண்ட்ரோம் உள்ள குடும்பங்கள்ல 129வது கிளைசின் குளூட்டமேட்டா மாறின ஒரு ம்யூட்டேஷன் கிடைச்சுது, அதுல புரோட்டீன்ல இருந்து பாஸ்பேட் எடுக்கறது அப்படியே இருக்கு, பிப்3 வேலை மட்டும் போயிடுச்சு, அப்பவும் கட்டி வருது. அப்போ லிப்பிட் வேலைதான பெருசு. இந்த ஸ்லைடை மட்டும் அவசரமா தாண்டிடாத, முழு கதையும் இங்கதான் இருக்கு.

கிருஷ்ணகிரி மாங்கா:
ஸ்ட்ரக்சரையும் சேத்துக்கோ தம்பி, 1999ல வந்துச்சு, புரோட்டீன் ஸ்ட்ரக்சரைச் சேத்து வைக்கற பிடிபி டேட்டாபேஸ்ல 1டி5ஆர்னு போட்டா கிடைக்கும். மொத்தம் 403 அமினோ ஆசிட், மொதல்ல பாஸ்பட்டேஸ் டொமைன் (பகுதி), அடுத்து சி2 டொமைன், கடைசில ஒரு வால். ஆக்டிவ் சைட் பள்ளம் மத்த டைரோசின் பாஸ்பட்டேஸை விட அகலம், பிப்3யோட பெரிய இனோசிட்டால் தலை உள்ள போகணும்ல, அதோட 125லயும் 128லயும் லைசின், 93ல ஹிஸ்டிடின்னு சுத்தியும் பாசிட்டிவ் சார்ஜ், பிப்3 தலையோ முழுக்க நெகட்டிவ். சி2 டொமைன் மெம்பிரேனைப் பிடிச்சுக்கும், கால்சியம்கூட வேணாம். நான் ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட தர்மபுரி வர்றேன், பைமால் சாஃப்ட்வேர்ல திருப்பித் திருப்பிப் பாக்கலாம்.

பென்னாகரத்தான்:
ரொம்ப நன்றிக்கா, கண்டிப்பா வாங்கண்ணா. அந்த வால் எதுக்கு?

ஒசூர் லேப் அக்கா:
380ல இருந்து 385 வரைக்கும் உள்ள செரின், திரியோனின்ல சிகே2 கைனேஸ் பாஸ்பேட் போட்டுட்டா வால் மடங்கி என்சைம் மேலேயே ஒட்டிக்கும், மெம்பிரேனுக்குப் போகாது, ஆனா சீக்கிரம் சிதையாமயும் இருக்கும். அந்த பாஸ்பேட் போனாத்தான் திறந்து மெம்பிரேன்ல உக்காந்து வேலை பாக்கும். இன்னொண்ணு, பீட்டென் கழட்டறது மூணாவது இடத்து பாஸ்பேட், பிஐ3கேங்கற என்சைம் போட்டதை அப்படியே எடுத்து பிப்2 ஆக்கிடும், செல்லை வளரத் தூண்டற ஏகேடி புரோட்டீன் பிடிச்சு நிக்க இடம் இருக்காது. ஷிப் என்சைம் எடுக்கறது அஞ்சாவது, அதுல வர்ற லிப்பிட்லயும் ஏகேடி ஒட்டும், அதனால ரெண்டையும் ஒண்ணா சொல்லிடாத.