வாக்குப்பெட்டியா, வெள்ளிக்கிழமைப் பதிவா? ஃபேக்டோரியோவும் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பும்

#1 பெல்ட்_பரமன்

பக்கத்து இழையில் ஒருவர், "விளையாடுபவன் பேச்சைக் கேட்கிற ஸ்டூடியோ ஒன்றுதான் உண்டு, அது ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை நடத்தும் ஜாகெக்ஸ், மற்றதெல்லாம் விளம்பரம்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் தலைப்பு திசைமாறும், அதனால் தனி இழை.

என் ஓட்டு ப்ராக் நகரத்து வூப் சாஃப்ட்வேருக்கு. தொழிற்சாலை கட்டி ஓட்டும் ஃபேக்டோரியோ கேமைச் செய்தவர்கள். 2013 செப்டம்பரில் 'ஃப்ரைடே ஃபேக்ட்ஸ்' என்று வெள்ளிக்கிழமைதோறும் எழுத ஆரம்பித்தார்கள். 2020 ஆகஸ்ட்டில் 1.0 வரும்வரை அது ஓடியது. "விரைவில் பிரமாதமான அப்டேட்" ரகம் இல்லை. எதை மாற்றுகிறோம், ஏன், எங்கே இடிக்கிறது என்று எண்ணோடு எழுதுவார்கள்.

ஒரே ஒரு உதாரணம். 0.17 வெர்ஷனுக்கு முன், பொருளை நகர்த்தும் மஞ்சள் பெல்ட் நொடிக்கு 13.33 பொருள்தான் சுமக்கும். பெல்ட்டில் ஒரு பொருளுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி, ஒரு கட்டத்தை 32 ஆகப் பிரித்தால் 9 பங்கு. கட்டத்துக்குள் முழு எண்ணாக அடங்கவே அடங்காது. 2019-இல் அதை 8 பங்காக்கினார்கள். ஒரு லேனில் கச்சிதமாக 4, இரண்டு லேனும் சேர்ந்து 8. பெல்ட் ஓடும் வேகத்தைத் தொடாமலே நொடிக்கு 15 ஆகிவிட்டது. கூடவே இரும்புத் தகடு உருகும் நேரத்தை 3.5 நொடியிலிருந்து 3.2 ஆக்கினார்கள். கல் உலை ஒன்று நொடிக்கு 0.3125 தகடு தரும். 15-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், 48. பக்கத்துக்கு 24 உலை வைத்தால் ஒரு பெல்ட் நிறையும். பழைய கணக்கில் 46.67 வரும். மூன்றில் இரண்டு பங்கு உலையை எங்கே போய் வைப்பது?

"எனக்கு 9-க்குப் பதில் 8 வேண்டும்" என்று யாரும் வாக்குப் போட்டிருக்க மாட்டார்கள். விளையாடுபவன் எங்கே முனகுகிறான் என்று கவனித்தவர்தான் அதைச் செய்ய முடியும்.

#2 லம்பி_வாசி

பக்கத்து இழைக்காரன் நான்தான். கணக்கு அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரமன், தகவல் சொல்வது வேறு, அதிகாரம் கொடுப்பது வேறு. வூப் முடிவெடுத்துவிட்டு உங்களுக்குக் கடிதம் எழுதுகிறது. பத்து பக்கம் எழுதினாலும் கடிதம் கடிதம்தான்.

ஓல்டு ஸ்கூல் பிறந்ததே வாக்கில். 2013 பிப்ரவரியில் "2007 ஆகஸ்ட்டின் பேக்கப் எங்களிடம் இருக்கிறது, தனி சர்வரில் ஓட்டட்டுமா?" என்று கேட்டார்கள். நாலரை லட்சத்தை ஒட்டி வாக்கு விழுந்தது, பிப்ரவரி 22-ஆம் தேதி சர்வர் திறந்தது. அன்றிலிருந்து புதிதாக எது வந்தாலும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் வாக்குச் சாவடிக்கு வர வேண்டும். தேற 2022 வரை 75 விழுக்காடு வேண்டியிருந்தது, இப்போது 70.

2019-இல் வார்டிங் என்று ஒரு புதுத் திறன். வடிவமைப்பை விளக்கி, கருத்துக் கேட்டு, திருத்தி, மறுபடியும் விளக்கி, கடைசியில் வாக்குக்கு விட்டார்கள். 75-ஐத் தொடவில்லை. கிடப்பில் போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு 2023-இல் செய்லிங், டேமிங், ஷாமனிசம் என்று மூன்றை வைத்துக் கேட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தது செய்லிங். அது 2025 நவம்பரில் வந்தது. தன் உழைப்பை விளையாடுபவன் சொன்னதற்காகக் குப்பையில் போட்ட கதை வூப்பிடம் இருக்கிறதா?

#3 பெல்ட்_பரமன்

75 என்றால் 100 பேரில் 26 பேர் போதும், எதையும் தடுக்கலாம். அது ஜனநாயகம் இல்லை, வீட்டோ. PvP (ஆளோடு ஆள் மோதுவது) என்றாலே உங்கள் ஊரில் என்ன நடந்தது? அந்தப் பக்கமே போகாதவர்கள் கூட்டமாகப் போய் 'வேண்டாம்' அழுத்தினார்கள். இப்போது PvP மாற்றங்களைச் சாவடிக்கு அனுப்பாமலே செய்கிறார்கள். அதாவது வாக்கு முறை எங்கே முரண்டு பிடிக்கிறதோ அங்கே சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். செய்தது சரிதான், ஆனால் 'மக்களே முடிவு செய்கிறார்கள்' என்று பெருமை பேசாதீர்கள்.

வாக்கில் ஒருநாளும் தேறாத மாற்றம் ஒன்று சொல்கிறேன். 2.0-இல் குழாய் முறை. பழைய முறையில் ஒவ்வொரு குழாயும் ஒரு சின்னத் தொட்டி; பக்கத்துக் குழாயோடு மட்டம் பார்த்துத் தண்ணீர் நகரும். குழாய் நீள நீள ஓட்டம் குறையும். அதைவிடக் கொடுமை, எந்தக் குழாயை முதலில் போட்டோம் என்பதைப் பொறுத்துக்கூட ஓட்டம் மாறும். ஒரே மாதிரி இரண்டு கிளை, ஒன்றில் நிறையும், ஒன்றில் சொட்டும். கண்ணுக்குத் தெரிந்த காரணமே இருக்காது. 2024 ஜூனில் புது முறையை அறிவித்தார்கள்: இணைந்த குழாய் முழுவதும் ஒரே தொட்டி. நீளம் 320-க்கு 320 கட்டத்தைத் தாண்டினால் நடுவில் பம்ப் போட வேண்டும். "ஆட்டத்தைக் குழந்தை விளையாட்டு ஆக்கிவிட்டீர்கள்" என்று எதிர்ப்பு கிளம்பத்தான் செய்தது. வாக்குக்கு விட்டிருந்தால் இன்றைக்கும் அணு உலைக்குப் பக்கத்தில் குழாயைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுக்கொண்டிருப்போம்.

#4 கருவூல_எலி

இரண்டு பேரும் காசைப் பற்றி மூச்சே விடவில்லையே. ஃபேக்டோரியோ 20 டாலர். 2018-இல் 30. 2023 ஜனவரியில் பணவீக்கம் என்று சொல்லி 35. உலகத்தில் எல்லா கேமும் வயதானால் விலை குறையும், இது மட்டும் புளித்த தோசைமாவு போல் ஏறுகிறது. தள்ளுபடியே கிடையாது என்று கொள்கை வேறு. 2024 அக்டோபரில் வந்த ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கம் இன்னொரு 35. இதுதான் சமூக அக்கறையா?

#5 சர்வர்_சித்தப்பு

எலி, ஸ்டீம் கோடைத் தள்ளுபடிக்குக் காத்திருந்து நேற்றுதான் வாங்கினேன், இன்று பாதி விலை என்று புலம்பும் ஆள் ஃபேக்டோரியோவில் கிடையாது. அதுவும் ஒரு மரியாதைதான். ஸ்பேஸ் ஏஜ் வாங்காதவர்களுக்கும் 2.0 இலவசமாகவே வந்தது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டெமோவும் இலவசம்.

ஆனால் நீங்கள் எல்லோரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். கேள்வி யார் கேட்கிறார்கள் என்பதில்லை, சர்வர் யார் கையில் என்பது. ரூன்ஸ்கேப் சர்வர் ஜாகெக்ஸிடம். அவர்கள் மூடினால் பத்து வருட வாக்கும் போச்சு. ஃபேக்டோரியோவின் ஹெட்லெஸ் (திரை இல்லாமல் ஓடும்) சர்வர், லினக்ஸுக்கானது, கணக்குகூட இல்லாமல் இலவசமாக இறக்கலாம். சேவ் கோப்பு உங்களிடம், மாட்கள் (விளையாடுபவர்கள் எழுதும் துணை நிரல்கள்) உங்களிடம். செட்டிங்ஸ் கோப்பில் பயனர் சரிபார்ப்பை அணைத்துவிட்டால் வூப்பின் சர்வரைக் கேட்காமலே ஆட்களைச் சேர்க்கலாம். திறக்க வேண்டியது யூடிபி 34197 என்ற ஒரே ஒரு போர்ட்.

#6 லம்பி_வாசி

சித்தப்பு, அதைத்தான் 'வேலையை விளையாடுபவன் தலையில் கட்டுவது' என்கிறேன். நம் ஊர் பிராட்பேண்ட் பலதில் பொது ஐபியே கிடைக்காது, நூறு வீட்டுக்கு ஒரே ஐபி. போர்ட் திறந்து என்ன பயன்? ஓல்டு ஸ்கூல் 0.6 நொடிக்கு ஒரு டிக் (ஆட்டம் ஒருமுறை கணக்கிடும் படி), எல்லாக் கணக்கும் கம்பெனி சர்வரில். 2018-இலிருந்து அதே கணக்கில் கைப்பேசியிலும் ஓடுகிறது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மரம் வெட்டலாம். உங்கள் ஆட்டத்தில் நாலாவது ஆள் உள்ளே வர அரைமணி ஆகிறதாமே?

#7 சர்வர்_சித்தப்பு

ஆகும். ஏன் என்று தெரிந்தால் குறைக்கவும் முடியும்.

ஃபேக்டோரியோ சர்வர் உலகத்தின் நிலையை அனுப்புவதில்லை. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதை மட்டும் அனுப்புகிறது. ஒவ்வொரு கணினியும் முழுத் தொழிற்சாலையையும் நொடிக்கு 60 தடவை தானே கணக்கிடும். அதனால் லட்சம் இன்செர்ட்டர் (பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கை) ஓடினாலும் இணையச் செலவு சொற்பம். விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், உள்ளே வருபவர் முழு மேப்பையும் இறக்க வேண்டும், இறக்கி முடிப்பதற்குள் ஓடிப்போன டிக்குகளையும் ஓட்டித் தீர்க்க வேண்டும்.

100 எம்பி சேவ், சர்வரின் அப்லோடு 5 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். இறங்க 160 நொடி. அதற்குள் 9,600 டிக் ஓடிவிட்டது. வருபவரின் கணினி அந்தத் தொழிற்சாலையை நொடிக்கு 66 டிக் வேகத்தில்தான் ஓட்டும் என்றால், நொடிக்கு 6 டிக் மட்டுமே எட்டிப்பிடிக்கிறது. 1,600 நொடி, கிட்டத்தட்ட 27 நிமிடம். 120 டிக் ஓட்டும் கணினி 160 நொடியில் முடித்துவிடும். 60-ஐயே தொடாத கணினி எத்தனை நாள் உட்கார்ந்தாலும் உள்ளே வராது. "நெட் ஸ்லோ" என்று திட்டுகிறோமே, பாதி நேரம் குற்றவாளி சிபியூதான்.

ஆகவே முதலில் சேவைச் சின்னதாக்குங்கள். மேப் 32-க்கு 32 கட்டச் சதுரங்களாகச் சேமிக்கப்படுகிறது. ரேடார் சுற்றிச் சுற்றித் திறந்த வெற்று நிலமெல்லாம் கோப்பில் கனக்கும். ஓரத்தில் இருக்கும் ரேடார்களைக் கழற்றுங்கள், வெற்றுச் சதுரங்களை நீக்கும் மாட் ஒன்றை ஓட்டுங்கள். அடுத்தது, எல்லோரும் ஒரேயடியாக வராமல் ஒவ்வொருவராக வருவது. ஐந்து பேர் ஒன்றாக இறக்கினால் அந்த 5 எம்பிபிஎஸ் ஐந்தாகப் பிரியும், கடைசி ஆளுக்குப் பாக்கி டிக் ஐந்து மடங்கு.

ஆட்டோசேவ் முன்னிருப்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை. பெரிய மேப்பில் அந்த நேரம் எல்லோருக்கும் திரை உறையும். லினக்ஸ் சர்வரில் 'நான் பிளாக்கிங் சேவிங்' என்ற வரியை இயக்கினால் உறையாது. சர்வர் தன்னையே நகலெடுத்து, நகல் உட்கார்ந்து சேமிக்கும். நினைவகம் இரண்டு மடங்குவரை போகலாம். 4 ஜிபி வாடகை சர்வரில் 3 ஜிபி ஆட்டத்துக்கு இதை இயக்கினால், சேவ் நடக்கிற நேரம் பார்த்து லினக்ஸே சர்வரைக் கொன்றுவிடும்.

பொது ஐபி இல்லாதவர்கள் ஸ்டீம் வழியாக நடத்தும் வசதியை இயக்கலாம், நண்பர்கள் வரை போதும். இல்லையென்றால் வாடகை சர்வர்தான். பேருந்தில் மரம் வெட்ட முடியாது, அதில் லம்பி ஜெயித்தார்.

#8 தாமிரக்கம்பி

குறுக்கே ஒரு சந்தேகம். ஆறேழு மணிநேரம் ஒழுங்காக ஓடுகிற சர்வரில், புதிதாக வருபவருக்கு மட்டும் உடனே டீசிங்க் (அவர் உலகம் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை என்ற பிழை) காட்டுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. மாட் பட்டியலும் வெர்ஷனும் ஒன்றேதான். என்னவாக இருக்கும்?

#9 பெல்ட்_பரமன்

வெர்ஷனோ மாட்டோ மாறியிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும், அதனால் அது இல்லை. 'வருபவருக்கு மட்டும்' என்றதுமே கை மாட் பக்கம்தான் நீளும்.

மாட் எழுதியவர் ஒரு எண்ணிக்கையைச் சாதாரண லோக்கல் மாறியில் வைத்திருப்பார். ஆட்டம் ஓட ஓட அது 0, 1, 2 என்று 500 வரை போயிருக்கும். லோக்கல் மாறி சேவில் எழுதப்படாது. புதியவர் சேவை இறக்கியதும் அவர் கணினியில் அது மறுபடி 0. "500 ஆனால் பெட்டியைத் திற" என்று ஒரு வரி இருந்தால், எல்லோருடைய உலகத்திலும் பெட்டி திறக்கும், அவருடையதில் திறக்காது. இரண்டு உலகம் பிரிந்துவிட்டது, அதுதான் டீசிங்க். அந்த மாறியை 'ஸ்டோரேஜ்' அட்டவணைக்குள் வைத்திருக்க வேண்டும் (1.1 வரை அதன் பெயர் 'குளோபல்'). உள்ளே இருப்பவர்கள் எல்லோரிடமும் 500 இருப்பதால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சர்வரை நிறுத்தி எல்லோரும் ஒன்றாக நுழைந்தால் பிரச்சினை காணாமல்போவதும் இதனால்தான். அது குணமில்லை, மறுபடி வரும்.

கண்டுபிடிக்க: சேவின் நகலில் மாட்களில் பாதியை நீக்கிப் பாருங்கள், வந்தால் மீதியில் பாதி. 40 மாட் என்றால் ஆறு சுற்றுக்குள் முடியும். மாட்டே இல்லாமலும் ஒரே ஒருவருக்கு, எப்போதெப்போதோ வருகிறது என்றால் அவருடைய ராம் சோதனை செய்யப்பட வேண்டும். ஒரு பிட் புரண்டால் போதும். ஓவர்கிளாக் செய்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

மாட் இல்லாமல், ராமும் சரி என்றால், அது வூப்பின் பிழை. டீசிங்க் ஆனதும் ஆட்டமே ஒரு ஜிப் கோப்பு செய்து ஃபேக்டோரியோ கோப்புறையில் வைக்கும். அதையும் லாக் கோப்பையும் அவர்கள் மன்றத்தின் பிழைப் பகுதியில் போடுங்கள். ஆட்டத்தை மூடித் திறந்தால் லாக் 'முந்தையது' என்று பெயர் மாறிவிடும், இரண்டாம் தடவை திறந்தால் போயே போச்சு; அதனால் உடனே நகலெடுங்கள். அங்கே வந்து கேள்வி கேட்பது அந்த நிரலை எழுதியவரேதான், தபால்காரர் இல்லை. லம்பி, என் வாதமும் இதுதான்: 'இது தவறு' என்று நிரூபித்தால் திருத்துகிறார்கள். நிரூபிக்க ஒரு ஆள் போதும், 70 விழுக்காடு தேவையில்லை.

#10 லம்பி_வாசி

பிழை திருத்துவது கடமை. அதற்கு மாலை போடச் சொல்லாதீர்கள். எது பிழை, எது 'அப்படித்தான் இருக்கும்' என்று முடிவு செய்பவரும் அவரேதானே?

#11 கருவூல_எலி

லம்பி, 2021 செப்டம்பரை மறந்துவிட்டீர்களா? ரூன்லைட் என்ற, வெளியார் செய்த கிளையண்டுக்கு 117 எச்டி என்று ஒரு தனி ஆள் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த கிராஃபிக்ஸ் பிளகின். வெளியாகும் தறுவாயில் நிறுத்தச் சொன்னது உங்கள் வாக்குச்சாவடி ஜாகெக்ஸ்தான். அதற்கு எந்தச் சாவடியில் வாக்கெடுத்தார்கள்? வூப் என்ன செய்தது? ஸ்பேஸ் எக்ஸ்ப்ளொரேஷன் மாட் செய்தவரையே கூப்பிட்டு விரிவாக்கத்தில் வேலை கொடுத்தது. 35 டாலர் எரிச்சல் இன்னும் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பரமன் பக்கம்.

#12 லம்பி_வாசி

மறக்கவில்லை. அது அசிங்கம்தான். ஆனால் ஆட்டத்துக்குள்ளேயே மக்கள் திரண்டு கத்தினார்கள், சில நாளில் ஜாகெக்ஸ் பின்வாங்கி அனுமதித்தது. 'நம்மிடம் கேட்க வேண்டும்' என்ற பழக்கம் வந்த கூட்டம் அது. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது சாவடிதான்.

அதே வூப் 2021-இல் விரிவாக்கம் வருகிறது என்று அறிவித்துவிட்டு, 2023 ஆகஸ்ட்வரை பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. உங்கள் வெள்ளிக்கிழமைக் கடிதத்தை நிறுத்த யாரைக் கேட்டார்கள்?

#13 பெல்ட்_பரமன்

யாரையும் கேட்கவில்லை. காட்ட ஏதும் இல்லாமல் வாராவாரம் எழுதியிருந்தால் அதை நீங்களே விளம்பரம் என்றிருப்பீர்கள்.

#14 தாமிரக்கம்பி

பாதி பாதியாக நீக்கியதில் நாலாவது சுற்றிலேயே சிக்கியது. ரயில் நிலையத்துக்குப் பெயர் வைக்கும் மாட். பெயரின் வரிசை எண்ணை லோக்கல் மாறியில் வைத்திருக்கிறார். மாட் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. அவர் திருத்தும்வரை நிலையங்களுக்குக் கையால் பெயர் வைக்க வேண்டியதுதான், மொத்தம் 212.