நிறுத்தி வச்ச வண்டில கார்புரேட்டர் சொட்டுதா? என் அனுபவம் இது, உங்களோடதும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் நீலகிரில கேத்தி பக்கம். வண்டி 2008 மாடல் 125 சிசி பைக், அப்பா வாங்குனது, இப்ப நான்தான் ஓட்டறேன். வாரத்துல ரெண்டு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறணும், மத்த நாள் குன்னூர் ஊட்டின்னு வயரிங் வேலைக்கு சுத்தறது. போன ஜூலைல ஆரம்பிச்ச தொல்லை தீர்றதுக்கு மூணு மாசம் ஆச்சு, அந்த மூணு மாசமும் தப்பான இடத்துலயே தேடிட்டு இருந்தோம், அதனாலதான் விவரமா எழுதறேன்.

ஒரு நாள் காலைல கதவைத் திறந்தா வாசல் முழுக்க பெட்ரோல் வாடை. மழை ஈரத்துல சிமெண்ட் தரை மேல வண்டிக்கு அடியில கலர் கலரா படலம் ஓடுது. குனிஞ்சு பாத்தா, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புற கார்புரேட்டர்ல இருந்து கீழ தொங்குற சின்ன டியூப் முனையில ஒரு சொட்டு நிக்குது, விழுது, அடுத்தது சேருது. அங்க இருந்து நாலடிதான் எங்க வீட்டு வெந்நீர் அடுப்பு. அம்மா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு வெறகு பத்த வைப்பாங்க, அன்னைக்கு வெறகு நனைஞ்சிருந்ததால இன்னும் பத்த வைக்கல. இப்ப நெனச்சாலும் வயித்தைக் கலக்குதுங்க.

பக்கத்துல ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். மலைல எந்த வண்டிக்கு என்ன வந்தாலும் முதல்ல வர்ற பதில் ஒண்ணுதான், "காத்து கம்மி தம்பி, மிக்ஸிங் ரிச்சா இருக்கு". காத்தைக் கூட்டிக் குறைக்கற ஏர் ஸ்க்ரூவைத் திருகி, பெட்ரோல் போற துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் சின்னதா போட்டு குடுத்தாரு. அவர் சொன்னது பொய்யில்ல, ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கடல் மட்டத்தோட பாத்தா காத்து அஞ்சுல ஒரு பங்கு கம்மி, கீழ சரியா ஓடுற வண்டி இங்க வந்தா பெட்ரோல் அதிகமா காத்து கம்மியா இழுக்கும், பிளக் கறுப்பாகும், மைலேஜ் அடி வாங்கும். ஆனா அது இஞ்சின் ஓடும்போது நடக்குற கணக்கு. இஞ்சினை ஆஃப் பண்ணி ராத்திரி பூரா நிறுத்தி வச்ச வண்டில காத்துக்கு என்னங்க வேலை? இதை நான் அப்ப யோசிக்கல. அதுக்கு மேல, சின்ன ஜெட்டோட மேட்டுப்பாளையம் இறங்குனப்ப அந்த வெயில்ல இஞ்சின் கொதிக்க ஆரம்பிச்சுது, இழுவையும் போச்சு. பழைய ஜெட்டையே திரும்ப போட வேண்டியதாப் போச்சு.

உள்ள என்ன நடக்குதுன்னா, மொட்டைமாடி தண்ணித் தொட்டில பந்து மிதந்து வால்வை மூடுதுல்ல, அதே வேலைதான். டேங்க்ல இருந்து வர்ற பெட்ரோல் கார்புரேட்டரோட அடிக் கப்ல நிறையும், அந்தப் பந்து மாதிரி மிதக்குற ஃப்ளோட் மேல வந்து ஒரு சின்ன நீடிலைத் தள்ளி வழியை அடைக்கும். நீடில் முனையில ரப்பர் மாதிரி ஒண்ணு இருக்கும், அது தேஞ்சா, இல்ல உக்கார்ற இடத்துல ஒரு துளி தூசி மாட்டுனா, இல்ல ஃப்ளோட்டே ஓட்டை விழுந்து உள்ள பெட்ரோல் புகுந்து கனமாயிட்டா, வழி அடையாது. மட்டம் ஏறி ஓவர்ஃப்ளோ டியூப் வழியா வெளிய வரும்.

ரெண்டாவது மெக்கானிக் இதைச் சொல்லித்தான் நீடில், அது உக்கார்ற சீட், ஃப்ளோட் எல்லாம் புதுசு போட்டாரு. ரெண்டு நாள் சொட்டல. மூணாவது நாள் அதே கதை. மறுபடி கழட்டி ஃப்ளோட்ல நீடிலைத் தள்ளுற நாக்கை லேசா வளைச்சு மட்டத்தைக் குறைச்சாரு. இப்ப ஏத்தத்துல வண்டிக்கு பெட்ரோல் பத்தல, சொட்டறதும் நிக்கல. அந்த வாரம் கீழ இருந்து ஏறி வரும்போது பர்லியார்ல பழக்கடைகிட்ட நிறுத்துனேன், சூடான இஞ்சின் பக்கத்துல பெட்ரோல் சொட்டுறதைப் பாத்துட்டு கடைக்கார அக்கா சத்தம் போட்டு வண்டியைத் தள்ளி வைக்கச் சொன்னாங்க. பெட்ரோல் டேப்பை மூடி, நல்லா ஆற விட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால கப்பை ரெண்டு தட்டு தட்டிப் பாத்தேன். தூசி மாட்டியிருந்தா அந்தத் தட்டுலயே விட்டுரும். எனக்கு விடல. டேப்பைக் கொஞ்ச நேரம் திறக்கறது, கொஞ்ச நேரம் மூடறதுன்னு குன்னூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், யாரும் அப்படி செய்யாதீங்க, வண்டியை அங்கயே விட்டுட்டு பஸ் ஏறியிருக்கணும்.

குன்னூர்ல வயசான ஒரு மெக்கானிக் இருக்காரு, கடைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு தகர ஷீட்டு அவ்வளவுதான். எல்லாத்தையும் கேட்டுட்டு எந்த சாமானும் வாங்கச் சொல்லல. கப்பை மட்டும் கழட்டி, பழைய நியூஸ்பேப்பரை விரிச்சு, ரெண்டு மரக்கட்டை மேல கப்பை வச்சு பாதிக்கு கொஞ்சம் மேல பெட்ரோல் ஊத்துனாரு. கப்புக்கு நடுவுல பித்தளைல ஒரு குட்டிக் குழாய் நட்டமா நிக்கும், அதான் ஓவர்ஃப்ளோ வழி, மட்டம் அதோட வாயைத் தாண்டினாத்தான் கீழ வரணும். பெட்ரோல் குழாய் வாய்க்கு நல்லா கீழதான் நின்னுச்சு. "பேப்பரையே பாரு"ன்னாரு. ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் பேப்பர்ல ஒரு ரூபா காசு அளவுக்கு ஈரம், அது அப்படியே விரியுது. குழாய் பக்கவாட்டுல தலைமுடி மாதிரி ஒரு கீறல். நகத்துக்குத் தட்டுப்படல, கண்ணுக்கு லென்ஸ் வச்சாத்தான் தெரிஞ்சுது. எப்பவோ யாரோ அடைப்பெடுக்க கம்பி விட்டுக் குத்துன வேலைன்னு சொன்னாரு. நீடிலும் ஃப்ளோட்டும் எத்தனை தடவை மாத்துனாலும் இது எப்படி நிக்கும்?

அதனால நான் கேட்டுக்கறது இதுதான்ங்க. நின்ன வண்டில சொட்டுனா ஜெட்டையும் ஏர் ஸ்க்ரூவையும் யாரையும் தொட விடாதீங்க, எந்த வழியா வருதுன்னு முதல்ல பாருங்க. டியூப் வழியா வந்தா நீடில், ஃப்ளோட், இல்ல இந்தக் குழாய். கப்பு சேர்ற ஓரத்துல கசிஞ்சா நடுவுல வைக்கற கேஸ்கெட். கப்பைக் காலி பண்ற டிரெயின் ஸ்க்ரூகிட்ட கசிஞ்சா அது லூசு. கப்பை பேப்பர் மேல வச்சுப் பாக்க காசு செலவே இல்ல.

* * *

அண்ணா, நான் கோத்தகிரி, அரவேணு பக்கம். எங்க சித்தப்பா வண்டிக்கு நடந்ததைச் சொல்றேன். வீட்டு முன்னாடி சமதரையே கிடையாது, சரிவுல சைடு ஸ்டாண்ட் போட்டா வண்டி ரொம்பவே படுத்து நிக்கும். கப்புக்குள்ள பெட்ரோல் மட்டம் ஒரு பக்கமா சாயும், ஃப்ளோட் சரியா மூடாது. டேப்பையும் திறந்தே விட்டுட்டாரு. தரைல ஒரு சொட்டு இல்ல, அதனால யாருக்கும் சந்தேகம் வரல. காலைல கிக்கர் பாதியில நிக்குது, இறங்கவே மாட்டேங்குது. சித்தப்பா ஏறி மிதிக்கப் போனாரு, நான்தான் தடுத்தேன். பிளக்கைக் கழட்டி, வயரைத் தள்ளி வச்சுட்டு மெதுவா கிக்கரை அமுக்குனா பிளக் ஓட்டைல இருந்து பெட்ரோல் பீச்சி அடிக்குது. ராத்திரி பூரா சிலிண்டர்ல இறங்கியிருக்கு. ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பாத்தா மட்டம் மேல் கோட்டுக்கும் மேல, ரெண்டு விரல்ல தேச்சா வழவழப்பே இல்ல, தண்ணி மாதிரி, வாடை முழுக்க பெட்ரோல். அந்த ஆயிலோட ஸ்டார்ட் பண்ணியிருந்தா இஞ்சினே போயிருக்கும். ஆயில் மாத்திட்டுத்தான் எடுத்தோம். வெளிய சொட்டலன்னு நிம்மதியா இருக்காதீங்க, ஸ்டிக்கையும் ஒரு தடவை பாத்துருங்க.

* * *

கூடலூர்ல இருந்து எழுதறேன். எங்க ஊர்ல தென்மேற்கு மழை பிடிச்சா விடாது, உங்களுக்கே தெரியும். என் வண்டில நீடில் எத்தனை தடவை சுத்தம் பண்ணாலும் பத்து நாள்ல திரும்ப ஓவர்ஃப்ளோ ஆகும். கடைசில டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கப்ல இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். அடியில கண்ணாடி மணி மாதிரி தண்ணி உருண்டை, அதைச் சுத்தி செம்மண் மாதிரி துருத் தூள். டேங்க் மூடியைச் சுத்தி மழைத்தண்ணி வெளிய போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும்ல, அது அடைச்சுக்கிட்டு தண்ணி உள்ள இறங்கியிருக்கு. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, அது ஈரத்தை இழுத்து வச்சுக்கும், பழைய ரப்பர் டியூப், ஓ-ரிங் எல்லாத்தையும் உப்ப வைக்கும். 2020க்கு முன்னாடி வந்த கார்புரேட்டர் வண்டிங்க அதுக்குன்னு செஞ்சது இல்ல. டேங்கைக் கழட்டிக் கழுவி, அந்த ஓட்டையை குத்தி விட்டு, நடுவுல ஒரு ஃபில்டர் போட்டேன், அதுக்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுசா தாண்டிருச்சு. மழை மாசத்துல டேங்கைப் பாதியா வச்சுக்கறதில்ல, ரொப்பித்தான் நிறுத்தறேன்.

* * *

கேத்தில இருந்து நானேதான்ங்க. அரவேணு தம்பி சொன்னதைப் படிச்சதும் போய் என் ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பாத்தேன், மட்டம் சரியா இருக்கு, வாடையும் இல்ல. கப்பை என்ன பண்ணேன்னு ஒருத்தர் தனியா கேட்டிருந்தாரு. அந்தக் கீறலை ஈயம் வச்சு அடைக்கலாம்னாங்க, அம்மா அடுப்பு பக்கத்துலயே இருக்கறதால எனக்கு மனசு ஒப்பல. அதே மாடல் பழைய கார்புரேட்டர் ஒண்ணு அந்த மெக்கானிக்கிட்டயே கிடந்துச்சு, அதோட கப்பையும் முதல்ல பேப்பர் மேல வச்சு அரை மணி நேரம் பாத்துட்டுத்தான் மாட்டுனாரு. இப்ப வண்டியை வீட்டுக்குப் பின்னால சமதரைல, சென்டர் ஸ்டாண்ட்ல, டேப் மூடி நிறுத்தறேன். அடியில ஒரு அட்டை விரிச்சு வச்சிருக்கேன், எந்திரிச்சதும் அம்மா அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி அதைத்தான் போய் தொட்டுப் பாக்கறாங்க. இன்னைக்கும் காஞ்சுதான் இருந்துச்சு.