அப்பத்தா முதலாண்டு நினைவு – குடும்பக் குழு

பெரியப்பா: நினைவு அட்டை இன்று மாலை 5 மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். "ஈடுசெய்ய இயலாத இழப்பு" என்று தொடங்கியிருக்கிறேன். மதுரைத் தங்கைக்கு எழுதும் கடிதத்தின் கடைசி வரியையும், எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டியது என்பதால், இங்கேயே வைக்கிறேன்: "1998-இல் நான் செய்த தவறை ஈடுசெய்ய விரும்புகிறேன்."

பெரிய அக்கா: அட்டை வரி சரி. கடித வரி இடிக்கிறது.

சித்தப்பா: இடிப்பதற்குக் காரணம் இருக்கிறது, அண்ணே. ஈடு என்றால் ஒப்பு, சமம். போன பொருளுக்குச் சமமான ஒன்றை வைத்து நிரப்புவதே ஈடுசெய்தல். ஆகையால் "இழப்பை ஈடுசெய்தான்" என்பது பொருந்துகிறது. விடுமுறை நாளில் வேலைக்கு வந்தவருக்கு அரசு அலுவலகத்தில் தரும் ஈடுசெய் விடுப்பும் நாளுக்கு நாள் என்ற கணக்குத்தான். தவறுக்குச் சமமாக எதை வைப்பது? "தவறை ஈடுசெய்" என்று பலர் எழுதினாலும், தவறுக்கு உரிய பழஞ்சொல் கழுவாய். கழுவுதல் என்ற வினையிலிருந்து வந்தது. புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், கொடிய குற்றங்களைச் செய்தவர்க்கும் "வழுவாய் மருங்கிற் கழுவாயும் உள", அதாவது செய்த தவற்றைப் போக்கும் வழியும் உண்டு என்று சொல்லி, செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்தி இல்லை என்கிறார்.

பெரியப்பா: செய்ந்நன்றி கொன்றவன் என்று என்னைத்தான் சொல்கிறாயா?

சித்தப்பா: பாட்டில் உள்ளதைச் சொன்னேன், அண்ணே.

சித்தி: பரிகாரம் என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் புரியுமே.

பெரிய அக்கா: பரிகாரம் என்றதும் கோயிலும் விளக்கும்தான் நினைவுக்கு வருகின்றன, சித்தி. இது அத்தைக்குச் செய்ய வேண்டியது.

சின்னவன்: அட்டை 200-ஆ, 300-ஆ? அச்சகத்தில் கேட்கிறார்கள்.

மதுரை அத்தை: காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அண்ணன் கடை வைப்பதற்காக என் 7 பவுனை ஈடு வைத்தார். அடகையும் அம்மா ஈடு என்றுதான் சொல்லும். நகை ஏலத்தில் போனது. அந்த 7 பவுனை ஈடுசெய்வதாக அண்ணன் தாராளமாக எழுதலாம், அந்தச் சொல் அதற்குப் பொருந்தும். ஆனால் நகை பத்திரமாக இருக்கிறது என்று அவர் நான்கு ஆண்டுகள் சொல்ல, அதையே நம்பி என் மாமியாரிடம் நானும் சொல்லி, கடைசியில் அந்த வீட்டில் பொய்க்காரியாக நின்றேனே, அதற்கு எத்தனை பவுன் வைப்பார்?

பெரிய அக்கா: இது எனக்குத் தெரியாது, அத்தை.

பெரியப்பா: தங்கச்சி, அந்த வரியை எடுத்துவிட்டேன். "7 பவுனை ஈடுசெய்வேன், உன்னிடம் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன்" என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன்.

சித்தப்பா: இலக்கணப்படி இப்போது சரியாக இருக்கிறது. ஆனால் மன்னிப்பு கேட்பது, கழுவாய் செய்வது.

மதுரை அத்தை: செய்ய வேண்டியதை நானே சொல்கிறேன். என் மாமியாருக்கு 84 வயது ஆகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது. அண்ணன் நேரில் வந்து, நகையைத் தொலைத்தது தான்தான் என்று அவரிடம் சொல்லட்டும். கடிதத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

சித்தி: நினைவு நாளுக்கு முன்பே போய்வந்தால் நல்லது.

பெரியப்பா: அட்டை 250 போடச் சொல். மதுரைக்கு எந்த நாளில் வருவது என்று இரவு தங்கச்சியிடம் பேசுகிறேன்.

மதுரை அத்தை: மாமியார் 8 மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார். பகலில் வாருங்கள், அண்ணே.